பன்னிரண்டு வோல்ட்தானே!

பங்சார் சாலை வழியாகப் போகிறவர்கள் தெனாகா நேஷனலின் தலைமையகத்தைப் பார்க்காமல் கடக்க முடியாது. 1949-இல் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கி, 1965-இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறி, 1990-இல் இன்றைய வடிவத்தைப் பெற்ற நிறுவனம் அது. நாட்டின் ஒரு மூலையில் உற்பத்தியாகும் மின்னாற்றலை இன்னொரு மூலைக்கு அனுப்ப, அதன் பெருந்தடங்கள் 275,000 வோல்ட்டிலும் 500,000 வோல்ட்டிலும் இயங்குகின்றன. ஏன் இவ்வளவு வோல்ட்? கம்பியைச் சூடாக்குவது வோல்ட் அல்ல, ஆம்பியர். ஒரே அளவு ஆற்றலை அனுப்பும்போது வோல்ட்டை உயர்த்தினால் ஆம்பியர் குறையும். ஆம்பியர் குறைந்தால் வழியில் சூடாகி வீணாவதும் குறையும்.

நம் வண்டிகளுக்குள் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் விளக்குக்கு 0.26 ஆம்பியர் போதும். அதே 60 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 5 ஆம்பியர் வேண்டும். ஏறத்தாழ 19 மடங்கு. கம்பியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்று ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841-இல் எழுதிவைத்தார். அப்படியானால் ஒரே கம்பியில் பிறக்கும் சூடு 367 மடங்கு! ஆனாலும் பட்டறைகளில் நான் அதிகம் கேட்டிருக்கும் வாக்கியம், “பன்னிரண்டு வோல்ட்தானே, என்னா ஆயிடப் போவுது?” என்பதுதான். தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஷாக் அடிக்காததாலேயே அதை யாரும் மதிப்பதில்லை.

நான் மின்பொறியியல் படித்தவன். பங்சாரில் வாடகை வீடு. எங்கள் வரிசையில், இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். விடியற்காலையில் பத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பழைய வேன் அவருடையது. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, அதே வேனில் தயிர்ச்சாதப் பொட்டலங்களும் மோரும் ஏற்றிக்கொண்டு அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கணவர் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கு அந்த வேன்தான் ஆதாரம்.

பின்னிருக்கைப் பிள்ளைகள் வேர்த்துப்போகிறார்கள் என்று இரண்டு சிறிய மின்விசிறிகளையும், மோர் கெட்டுப்போகாமலிருக்க ஒரு குளிர்ப்பெட்டியையும் ஒரு கடையில் கொடுத்துப் பொருத்தியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, பேன் ரெண்டும் சோம்பேறி மாதிரி சுத்துது. பெட்டியும் சரியா குளிர மாட்டேங்குது. பேட்டரி மாத்தணுமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.”

பேட்டரியில் மீட்டரை வைத்தேன், 12.4 வோல்ட். குறையில்லை. மூன்றையும் ஓடவிட்டு, பின்னால் மின்விசிறிக்கு வரும் முனையில் வைத்தேன், 9.9 வோல்ட். நடுவே இரண்டரை வோல்ட் எங்கே போனது? இருக்கைக்கடியில் தரைவிரிப்பைத் தூக்கிக் கம்பியைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டரை வோல்ட் அங்கேதான் இருந்தது. கம்பி உறையில் 0.5 சதுர மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். பிள்ளைகள் கால் வைக்கும் இடம் அது.

இந்த இடத்தில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கலைப்புல நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். ஆறாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதலில் ஆம்பியர். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். மின்விசிறி ஒவ்வொன்றும் 24 வாட். ஆளுக்கு 2 ஆம்பியர். குளிர்ப்பெட்டி 48 வாட், 4 ஆம்பியர். மொத்தம் 8.

அடுத்து நீளம். கயிறு பிடித்து அளந்தேன். பேட்டரியிலிருந்து வளைந்து நெளிந்து பின்னிருக்கை வரை 5 மீட்டர். ஆனால் மின்னோட்டம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வரவேண்டும். அந்த வேனில் திரும்பும் வழிக்கும் கம்பிதான் இழுத்திருந்தார்கள். ஆகவே 10 மீட்டர். பலரும் மறந்துவிடுவது இந்தத் திரும்பும் பாதையைத்தான்.

மூன்றாவது, செம்பின் குணம். ஒரு சதுர மில்லிமீட்டர் கனமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை, 20 பாகை செல்சியஸில், ஏறத்தாழ 0.0172 ஓம். நீளம் கூடினால் தடை கூடும். கனம் கூடினால் தடை குறையும். அக்காவின் கம்பிக்கு: 0.0172 × 10 ÷ 0.5 = 0.344 ஓம். அதில் 8 ஆம்பியர் ஓடினால் இழப்பு 2.75 வோல்ட். என் மீட்டர் காட்டியது 2.5. வோல்ட் குறைந்ததால் மின்விசிறிகள் இழுக்கும் ஆம்பியரும் சற்றுக் குறைந்திருந்தது. வேறுபாட்டுக்கு அதுதான் காரணம். ஓம் 1827-இல் வெளியிட்ட விதி பங்சாரில் ஒரு பள்ளி வேனுக்குள்ளும் பிசகவில்லை.

சரி, எந்தக் கம்பி போட்டிருக்கவேண்டும்? விளக்கு, மின்விசிறி போன்றவற்றுக்கு இழப்பை 3 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். 12 வோல்ட்டில் 3 விழுக்காடு என்றால் 0.36 வோல்ட். போகவர நீளத்தை ஆம்பியரால் பெருக்கி, 0.0172-ஆல் பெருக்கி, இழக்கச் சம்மதிக்கும் வோல்ட்டால் வகுக்கவேண்டும். 10 × 8 × 0.0172 ÷ 0.36 = 3.82. கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவு 4 சதுர மில்லிமீட்டர். இருந்ததைவிட எட்டு மடங்கு கனம்.

அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை மாற்றித் தருகிறேன். அதுவரைக்கும் இதை ஓட்டவேண்டாம்,” என்று பியூசைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“நாலு நாளு பெட்டி ஓடலைன்னா மோரை எங்க வெச்சிக் கொண்டுபோறது? பிள்ளைங்க வேர்வையில குளிச்சிட்டு இறங்கினா அம்மாமாருங்க எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. பேன் மெதுவா சுத்தினா சுத்திட்டுப் போவட்டும். பியூஸ்தான் இருக்கே, ஏதாச்சும்னா அது அறுந்துடும்ல?”

நியாயமான கேள்வி. மெதுவாகச் சுற்றுவது மட்டுமே குறை என்றால் நானும் விட்டிருப்பேன். ஆனால் என் உள்ளங்கையில் இருந்த பியூஸ் பச்சை நிறம். வண்டிகளில் போடும் தட்டைப் பியூசுக்கு நிறமே மொழி. பழுப்பு மஞ்சள் 5 ஆம்பியர், பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எட்டு ஆம்பியர் வேலைக்கு முப்பது ஆம்பியர் பியூஸ்! அடிக்கடி அறுந்து வாடிக்கையாளர் திரும்பி வரக்கூடாது என்று போட்டிருப்பார்கள்.

அக்காவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவருடைய வசூல் நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். பின்னிருக்கைக் கால் அழுத்தி, அல்லது தகரத்தில் உரசி, கம்பியின் கடைசிமுனையில் இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வழியில் இருக்கும் தடை 0.344 ஓம். பன்னிரண்டை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 35 ஆம்பியர். முப்பது ஆம்பியர் பியூஸ் 35-இல் உடனே அறுந்துவிடாது. பியூஸ் அப்படிப்பட்ட பொருள் அல்ல; சிறிது மிகுதியைப் பல நிமிடங்கள்கூடத் தாங்கும். இதற்கிடையே கம்பி சூடாகிறது, சூடானால் அதன் தடை ஏறுகிறது, தடை ஏறினால் ஆம்பியர் முப்பதை நோக்கி இறங்குகிறது. பியூசுக்கு அறுந்துபோகக் காரணமே இல்லாமல் போய்விடலாம். அந்த நேரமெல்லாம் தரைவிரிப்புக்கடியில் அந்த மெல்லிய கம்பி நானூறு வாட் அளவுக்குச் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். துணி தேய்க்கும் பெட்டியில் ஏறத்தாழப் பாதி.

“அப்ப தடிச்ச கம்பி போட்டா?”

“தடித்த கம்பியில் தடை 0.043 ஓம்தான். அதே மாதிரி ஒட்டிக்கொண்டால் 270 ஆம்பியருக்கு மேல் பாயப் பார்க்கும். பதினைந்து ஆம்பியர் பியூஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுந்துவிடும்.”

அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப மெல்லிசுக் கம்பிதான் பியூசை வேலை செய்யவிடாம தடுக்குது,” என்றார். நான்கு ஆண்டு படிப்பில் யாரும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, நான்கு நாளைக்குப் பனிக்கட்டி வாங்கிச் சமாளிப்பதாகச் சொல்லிவிட்டார்.

பியூஸ் விளக்கையோ விசிறியையோ காப்பதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கம்பியைக் காப்பதற்கு. ஆகவே அதன் எண் இரண்டுக்கு நடுவே இருக்கவேண்டும். ஓடும் ஆம்பியரைவிடக் கொஞ்சம் மேலே, கம்பி பத்திரமாகத் தாங்குவதற்குக் கீழே. தொடர்ந்து ஓடும் வேலைக்குப் பியூசின் எண்ணில் முக்கால் பங்குக்குமேல் ஏற்றாமலிருப்பது நல்லது. எட்டை முக்காலால் வகுத்தால் 10.7, அடுத்த எண் 15. பியூஸ் இருக்கவேண்டிய இடம் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில். முடிந்தால் ஒரு சாண் தூரத்துக்குள். பேட்டரிக்கும் பியூசுக்கும் நடுவே உள்ள கம்பியைக் காக்க யாருமில்லை அல்லவா?

சனிக்கிழமை கம்பி வாங்க ஜாலான் பாசாருக்குப் போனேன். மின்னணுப் பொருள் தேடும் பொறியியல் மாணவர்களுக்கு அந்தத் தெரு தெரியாமலிருக்காது. அங்கேயும் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, எண். சில சுருள்களில் சதுர மில்லிமீட்டர் போட்டிருக்கும்; சிலவற்றில் அமெரிக்க கேஜ். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். கம்பியை மேலும் மேலும் சிறிய துளைகள் வழியாக இழுத்து மெல்லியதாக்குவார்கள். இழுத்த முறை கூடக்கூட எண்ணும் கூடும் என்ற பழைய வழக்கத்தின் எச்சம் அது. 10 கேஜ் 5.26 சதுர மில்லிமீட்டர், 12 கேஜ் 3.31, 14 கேஜ் 2.08. மூன்று எண் இறங்கினால் கனம் இரட்டிப்பாகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எனக்கு வேண்டிய 3.82-க்கு 12 கேஜ் பற்றாது. 10 வாங்கவேண்டும், அல்லது மில்லிமீட்டர் கணக்கில் 4.

இரண்டாவது, தோல். தடித்த உறைக்குள் மெல்லிய செம்பு ஒளிந்திருக்கும். கம்பியை வெளியே பார்த்து வாங்கக்கூடாது, வெட்டுமுனையைப் பார்க்கவேண்டும். வீட்டுச் சுவருக்குள் போடும் கம்பியையும் வண்டிக்குப் போடக்கூடாது. அதில் தடித்த சில இழைகளே இருக்கும். வண்டியின் அதிர்வில் அவை நாளடைவில் முறியும். வண்டிக் கம்பியில் மெல்லிய பல இழைகள் இருக்கும். உறையும் கூடுதல் சூட்டைத் தாங்கும்.

மூன்றாவது, பூச்சு. செம்பு நிறத்தில் பளபளக்கும் மலிவான கம்பிகள் பல உள்ளே அலுமினியம். அலுமினியம் செம்பில் அறுபது விழுக்காட்டளவே மின்சாரத்தைக் கடத்தும். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். கையில் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். கடைக்காரர் நல்லவர். சுரண்டிப் பார்க்கவா என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே வேறொரு சுருளை எடுத்து வைத்தார். மெல்லிய கம்பிக்கும் இதற்கும் விலை வேறுபாடு, மொத்த நீளத்துக்கும் சேர்த்து, நாற்பது ரிங்கிட்டுக்கும் குறைவு.

ஞாயிறு காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் முடித்தேன். தகரத் துளை வழியாகக் கம்பி நுழையும் இடங்களிலெல்லாம் ரப்பர் வளையம். இருக்கைக் கால்களிலிருந்து விலகி, பக்கச் சுவரோரமாக நெளிகுழாய்க்குள் பாதை. முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில், அழுத்தி இறுக்கும் முனைகள். நம் நாட்டு வெயிலில் நின்ற வண்டிக்குள் டேப்பின் பசை எத்தனை நாள் நிற்கும்? பின்னால் ஒரு சிறிய பியூஸ் பெட்டி. மின்விசிறிகளோடு வந்த மெல்லிய வால்கம்பிகளை முன்னால் இருக்கும் 15 ஆம்பியர் பியூஸ் காக்காது. ஆகவே விசிறிக்கு ஆளுக்கொரு 5, குளிர்ப்பெட்டிக்கு 7.5. கம்பியின் கனம் எங்கே குறைகிறதோ, அங்கே ஒரு பியூஸ் வேண்டும்.

எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தேன். பேட்டரியில் 12.4, பின்னால் 12.0-க்குச் சற்று மேல். மின்விசிறிகள் போட்ட சத்தத்தில் அக்காவின் சின்ன மகள் வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டாள். கூலி வாங்க மாட்டேன் என்றதற்கு ஒரு மாதம் தயிர்ச்சாதம் வந்தது.

பொருத்திய கடைக்காரரைப் போய்க் கேட்கவேண்டும் என்று எனக்குக் கோபம் இருந்தது. அக்கா விடவில்லை. “அவரும் தெரிஞ்சவருதான். நீ இந்தக் கணக்கை ஒரு தாளில எழுதிக் குடு, நானே குடுக்கிறேன்,” என்றார். அவர் கேட்ட அந்த ஒரு தாளை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குத் திகைப்பு வந்தது. இடைநிலைப்பள்ளியில் இயற்பியலை மலாயில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தேன். பட்டறையில் வேலை செய்கிறவர்களிடம் பேச எனக்கிருக்கும் மொழி தமிழ். மின்தடை, மின்னோட்டம், உருகி என்று பாடநூல் சொற்கள் இருக்கின்றன. பியூஸ், வயர், லோட் என்று பட்டறைச் சொற்களும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவந்து, படிக்கிறவர் கை உடனே வேலைக்குப் போகும்படி எழுத மூன்று இரவு ஆனது. தமிழில் கவிதை எழுதுவதைவிட அது எளிது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அதனால்தான் இந்த ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதுகிறேன். உங்களில் பலர் வண்டி வைத்திருக்கிறீர்கள். சிலர் ஒலிபெருக்கி பூட்டப் போகிறீர்கள். பேட்டரியிலிருந்து 500 வாட் இழுக்கும் ஒலிபெருக்கிக்கு 42 ஆம்பியர் வேண்டும். பின்பெட்டி வரை நாலரை மீட்டர் என்றால் 18 சதுர மில்லிமீட்டர் கேட்கும். 4 கேஜ் கம்பிக்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதீர்கள். கிட்டத்தில் இருக்கும் கருவிக்கோ வேறொரு எச்சரிக்கை. அரை மீட்டர் தூரத்தில் 30 ஆம்பியர் என்றால் மேற்சொன்ன கணக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் போதும் என்று சொல்லும். நம்பாதீர்கள். வோல்ட் இழப்புக்கு அது போதும், சூட்டுக்குப் போதாது. தொலைவில் இருப்பதற்கு இழப்பு முடிவு செய்யும், அருகில் இருப்பதற்குச் சூடு முடிவு செய்யும். இரண்டையும் பார்த்து, எது பெரிய கம்பியைக் கேட்கிறதோ அதை வாங்கவேண்டும். கம்பி தாங்கும் ஆம்பியரைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். பல கம்பிகள் ஒரே குழாய்க்குள் நெருங்கிப் போனாலும், இயந்திரத்துக்கு அருகே போனாலும் அந்த எண்ணைக் குறைத்தே எடுக்கவேண்டும்.

கணக்குப் போட விருப்பமில்லாதவர்கள் கடைக்காரரிடம் நான்கே கேள்வி கேளுங்கள். எத்தனை ஆம்பியர் ஓடும்? போகவர எத்தனை மீட்டர்? உறைக்குள்ளே செம்பு எத்தனை சதுர மில்லிமீட்டர்? பியூஸ் எங்கே, என்ன நிறம்? நான்குக்கும் பதில் சொல்கிறவரிடம் வண்டியைத் தயங்காமல் விடலாம். “பன்னிரண்டு வோல்ட்தானே” என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.